முனியாண்டிக்கு லோரி லைசென்ஸ் இல்லை

என் புருஷன் அப்பளசாமியின் மேல் வருஷத்துக்கு ஒரு தடவை முனியாண்டி இறங்குவார். இறங்கினால் அரை மணி நேரம் இருப்பார். சுருட்டுக் கேட்பார், கருப்புப் பீர் கேட்பார், நாலு பேருக்கு வாக்குச் சொல்வார், மலையேறிவிடுவார். அதன் பிறகு ஒரு வாரம் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். தைலம் தேய்ப்பது என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இதில் எனக்கும் முனியாண்டிக்கும் எந்தத் தகராறும் வந்ததில்லை. இந்த வருஷம்தான் வந்தது, அதுவும் லோரியால் வந்தது.

லோரி இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. எங்கள் டவுனான பத்தாங் பெர்ஜுந்தாயில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு மாதச் சம்பளம் இங்கே மூன்று மாதச் சம்பளம். போகாதவர்கள் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் வேலைக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் என் புருஷனைப் போன்ற கிழங்கள். இவருக்கு இனிப்பு நீர் வியாதி. அது இடது கண்ணைத் தின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு ஒரு ஆள் வந்தால் இரண்டு ஆள் வந்த மாதிரி தெரியும், மத்தியானத்துக்கு மேல் யாருமே வராத மாதிரி தெரியும். பரிசோதனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார், லோரி லைசென்ஸ் போயிற்று. அன்றிலிருந்து இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டு, ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் டவுனுக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சாமான் கொடுப்பது அபுபக்கர் அண்ணனின் மொத்த மளிகைக் கடை. கடைசி வரைக்கும் அவருக்கு லோரி ஓட்டியவன் அவர் பெற்ற பிள்ளை நஜ்மி. அவனும் ஒரு நாள் ஜொகூர் வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிய பிறகு வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பினான். அதற்கப்புறம் ரவாங் கிடங்கில் எங்கள் ஊர் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எங்கள் ஊரில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் கிடந்தது.

கடையில் அலமாரி காலியாக இருப்பது அபுபக்கர் அண்ணனுக்குப் பிடிக்காது. மிச்சமிருந்தது அன்னாசிப்பூவும் கொசுவத்தியும்தான். அரிசித் தட்டில் அன்னாசிப்பூ, எண்ணெய்த் தட்டில் கொசுவத்தி, பால்மாவுத் தட்டில் மறுபடியும் அன்னாசிப்பூ என்று அழகாக அடுக்கி வைத்தார். வெறுங்கையோடு திரும்பினால் அவர் மனசு நோகுமே என்று எல்லோரும் ஒரு பொட்டலம் அன்னாசிப்பூ வாங்கிவந்தோம். என் வீட்டில் ஒரு மரக்கால் சேர்ந்தது. பக்கத்து வீட்டு விஜயராணியிடம் ஒரு கோழி இருந்தது. அது முட்டையிடப் போகிறது என்று தெரிந்தால் அவள் வாசலில் வரிசை நிற்கும். அந்தக் கோழி கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு முட்டையிடுவதையே நிறுத்திக்கொண்டது.

உண்மையைச் சொன்னால், எனக்கு மட்டும் அந்தப் பஞ்சத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஊரில் சீனி இல்லை. டீக்கடையில் வெறும் கசாயம்தான். ஊசி என்றால் பின்வாசல் வழியாக ஓடுகிற, இனிப்பு என்றால் முன்வாசல் வழியாக வருகிற என் புருஷனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீனி அளவு சரியாக வந்தது. கிளினிக் தாதி என் கையைப் பிடித்துப் பாராட்டினாள். டிரைவர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் முனியாண்டி காதில் விழுந்திருக்க வேண்டும்.

திருவிழா வந்தது. கோயில் இருப்பது ஆப்பக்கடைத் தோட்டத்தில். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு, பலகையில் அதுதான் இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. செம்பனைக் காட்டுக்கு நடுவே, ரவாங் சாலை ஓரத்தில் எங்கள் முனியாண்டி அரிவாளோடு நிற்கிறார். முன்பெல்லாம் அந்த வழியே போகிற எந்த லோரியும் கோயிலைக் கண்டால் ஹார்ன் அடிக்கும். டிரைவர் இறங்கி ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போவார். புது லோரி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் ரோட்டில் ஏறும். லோரிக்காரர்களின் சாமி அவர். லோரி நின்றதும் அவருக்கும் சுருட்டு நின்றுபோனது.

அன்று அன்னதானத்துக்கு அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்து, கையில் இருக்கிற சரக்கு அதுதானே என்று அன்னாசிப்பூ போட்டுத் தாளித்திருந்தார்கள். உருமி முழங்கியது. இவர் மேல் சாமி வந்தது. கோயில் தலைவர் வீரன், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், கைகட்டி முன்னால் நின்று கேட்டார்.

"ஐயா, லோரி ஓட்ட ஆளில்லை. ஊரே கிழங்கு தின்னுது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சாமி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு வேலிக்கு வெளியே பார்த்தது. அங்கே மரத்தடியில் அபுபக்கர் அண்ணன் நின்றிருந்தார். அவருக்கு அவர் மார்க்கம், கோயிலுக்குள் வரமாட்டார். திருவிழாவுக்கு அரிசி அனுப்ப முடியாமல் போனதற்கு வீரனிடம் வருத்தம் சொல்ல வந்தவர், லோரிச் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"சாவியைக் கொடுங்கடா," என்றது சாமி. "நான் ஓட்டுறேன்."

பெண்கள் குலவையிட்டார்கள். நான் முண்டியடித்து முன்னால் போனேன்.

"வீரன் அண்ணே, அவருக்கு லைசென்ஸ் இல்ல. ஒரு கண்ணு வேற தெரியாது."

"தங்கமணி, நீ சும்மா இரும்மா. லைசென்ஸ் இல்லாதது அப்பளசாமிக்கு. இப்ப ஓட்டப் போறது அப்பளசாமியா?"

நான் வேலியைத் தாண்டி அபுபக்கர் அண்ணனிடம் ஓடினேன். அவர் அதற்குள் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"தங்கச்சி, நான் லோரியை அப்பளசாமிகிட்டத்தான் கொடுக்கறேன். உள்ளாற யாரு இருக்காங்கன்னு நான் கேக்கல. எனக்கு என் மார்க்கம் இருக்கு லா."

"அப்பளசாமிகிட்டன்னா அவருக்குத்தான் லைசென்ஸ் இல்லையே அண்ணே."

"அதை நீ வீரன்கிட்டல்ல கேக்கணும்."

இப்படித்தான் என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டார்கள். லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் அவர் சாமி. சாமியா ஓட்டுகிறது என்று கேட்டால் அவர் அப்பளசாமி. இந்த இரண்டுக்கும் நடுவில் என் புருஷன் கழுத்து மாலையோடு, வாயில் சுருட்டோடு, சலங்கை கட்டிய காலால் கிளட்சை மிதித்து, கடை வாசலில் கிடந்த லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாமி மலையேறாமல் இருக்க உருமி நிற்கக் கூடாது. அதனால் விஜயராணியின் புருஷன் கோகிலனும் ஷர்வின் என்ற இன்னொரு உருமிக்காரனும் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு லோரியில் பக்கத்து சீட்டில் நெருக்கி உட்கார்ந்து அடித்தார்கள். ஒருவன் அடிக்க ஒருவன் தூங்குவான். சாயங்காலம் லோரி திரும்பியபோது அரிசி, எண்ணெய், வெங்காயம், முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே சீனி மூட்டைகள். ஊர் சனம் அழுதது. அபுபக்கர் அண்ணன் அலமாரியிலிருந்து அன்னாசிப்பூவை இறக்கும்போது அவருக்கும் கண் கலங்கியது.

சரி, ஒரு நாள் கூத்து, திருநீறு பூசி இறக்கிவிடுவார்கள் என்று நான் வீட்டில் வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருந்தேன். யாரும் இறக்கவில்லை. நாளைக்கு எரிவாயு எடுக்க வேண்டும், நாளை மறுநாள் கோழித் தீவனம் எடுக்க வேண்டும் என்று வீரனிடம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். லோரியைக் கோயில் வாசலில் நிறுத்தி, இவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி தூங்க, பக்கத்தில் உருமியை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். சம்பளத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டதாக அபுபக்கர் அண்ணன் சொன்னார். சுருட்டுக்கும் மாலைக்கும் வேலை செய்கிற டிரைவர் எந்த முதலாளிக்குக் கிடைப்பான் என்று எனக்கு வயிறெரிந்தது. ஆனால் சம்பளத்தைவிடப் பெரிய கவலை எனக்கு இருந்தது.

காலையும் மாலையும் இவருக்கு வயிற்றில் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தாதி என்னை உட்கார வைத்து விளக்கியிருக்கிறாள். மயங்குவார், மயங்கினால் எழுந்திருக்காமல்கூடப் போகலாம். அதுவும் லோரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மயங்கினால் எதிரே வருகிறவன் கதி என்ன. நான் ஊசியை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

"சாமி உடம்புல ஊசி குத்தக் கூடாது தங்கமணி," என்றார் வீரன்.

"வேல் குத்துறீங்களே. நாக்குல குத்துறீங்க, கன்னத்துல குத்துறீங்க, முதுகுல கொக்கி மாட்டி இழுக்குறீங்க. என் ஊசி வெங்காயத் தோல் கனம்கூட இல்ல."

"வேல் வேற, ஊசி வேற. ஊசி கிளினிக் சாமான்."

நான் லோரி ஜன்னலுக்கே போய், ஏங்க என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து, யாரு தாயே நீ, உனக்கு என்ன குறை, என்று கேட்டார். பக்கத்தில் வெண்கலப் பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கையில் பஞ்சாமிர்தம் வழிந்தது. எனக்கு இருக்கிற குறையைச் சொல்ல ஆரம்பித்தால் அன்று லோரி கிளம்பியிருக்காது. ஆனால் பின்னால் நின்றவள் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்க என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

அந்த வாரம் நடந்ததெல்லாம் கோகிலன் விஜயராணிக்குப் போனில் சொல்லி, விஜயராணி எனக்குச் சொன்னது. வழியில் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் லோரியை நிறுத்தித் தட்டு நீட்டினார்கள். ஒரு தோட்டத்தில் பாயசம், ஒரு தோட்டத்தில் லட்டு, புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ரோஸ் சிரப்பில் பால் கலந்து வாளியில் கொடுத்தார்கள். சாமி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உருமிக்காரர்களுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. டிரைவர் பஞ்சம் போய் இப்போது உருமிப் பஞ்சம். கடைசியில் ஷர்வின் போனில் உருமி மேளத்தைப் போட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டான். நடுநடுவே இளைக்க வைக்கும் காப்பிக்கு விளம்பரம் வரும். விளம்பரம் முடிகிற வரை ஐயா வண்டியை ஓரம் கட்டி, கண்ணை மூடிக் காத்திருப்பார், மேளம் வந்ததும் உறுமிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு நாள் போலீஸ் தடுப்பு. மலாய்க்கார சார்ஜன் லைசென்ஸ் கேட்டார். கூடப் போயிருந்த வீரன் இறங்கி, ஓட்டுகிறவர் மனிதர் இல்லை என்று பணிவாக விளக்கினார். சார்ஜன் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவந்த கண், சுருட்டு, மடியில் அரிவாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் யோசித்துச் சொல்வதற்குள் ஐயா கியர் போட்டுக் கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டு விஜயராணி சிரித்தாள். எனக்கும் ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயா இப்போதெல்லாம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்குகிறாராம். செம்பனை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வருகிறாராம். ஐயா இறங்கின இடமெல்லாம் புண்ணிய இடம் என்று சனங்கள் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றிவிடுகிறார்கள். ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் வரை சாலை ஓரத்தில் வரிசையாக மஞ்சள் கல். சில இடங்களில் உண்டியலும் வைத்துவிட்டார்களாம்.

"தண்ணியும் ரொம்பக் கேக்குறாராம்க்கா. பாட்டில் பாட்டிலாக் குடிக்கிறாராம். உக்கிரம் ஜாஸ்தியாயிருச்சுன்னு பேசிக்கிறாங்க."

உக்கிரம் இல்லை. சீனி. நாக்கு வறள்வதும் அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் எந்த அளவில் வரும் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரே கும்பிட்ட அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் எனக்கு என் புருஷனின் மருத்துவ அறிக்கையாகத் தெரிந்தது. நான் வீரன் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கோலசிலாங்கூருக்கு ஒரு நடை பாக்கி இருக்கிறது, அது முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

அந்த நடையில், நாலு சாலை கூடும் ரவுண்டபோட்டின் இடது ஓரத்தில் இருந்த மின்மினிப் பூச்சி சிலையின் ஒரு இறக்கையை லோரி எடுத்துவிட்டது. இடது பக்க இறக்கை. இடது கண் காட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஐயா பூச்சிக்கு விடுதலை கொடுத்துவிட்டார் என்று யாரோ டிக்டாக்கில் போட, அதற்கு ஆயிரக்கணக்கில் கும்பிடு விழுந்தது. நான் அந்த வீடியோவைப் பார்த்தேன். சிலை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நான் அன்று சோறு சமைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் லோரி திரும்பும் நேரத்துக்குக் கோயில் முனைக்குப் போனேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தேன். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தேன். இரண்டு கையிலும் வேப்பிலை, இடுப்பில் ஊசி. எனக்குச் சாமி வந்ததே இல்லை. ஆடவும் வராது, சின்ன வயதில் கும்மியில்கூட என்னைக் கடைசியில் நிறுத்துவார்கள். ஆனால் புருஷன் பேச்சை ஊர் கேட்கும், தலைவர் பேச்சை ஊர் கேட்கும், சாமி பேச்சை ஊர் கேட்கும், என் பேச்சை ஒரு வாரமாக ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. வேறு வழி எதையும் எனக்கு அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

லோரி வந்தது. நான் நடு ரோட்டில் நின்று, தெரிந்த மாதிரி ஆடினேன். பிரேக் கிறீச்சிட்டு லோரி என் மூக்குக்கு முன்னால் நின்றது. கூட்டம் ஓடிவந்தது. என் ஆட்டத்தைப் பார்த்துச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போது லோரிக்குள்ளிருந்து கோகிலன் என்னைப் பார்த்தான். அவன் கண் இரண்டும் தூக்கத்துக்கு ஏங்கிக் கிடந்தது. அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வீங்கின கையால் உருமியை எடுத்து அடியை மாற்றினான். முனியாண்டி அடி போய் அம்மன் அடி விழுந்தது. அந்த அடி விழுந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கால் தானாக அடிக்குள் வந்து நின்றது.

வீரன் கைகட்டி வந்தார். "வந்திருக்கறது யாரு தாயே?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "காளிடா," என்றேன். வயதில் மூத்த மனிதரை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு அடி பின்னால் போனார். முனியாண்டி அம்மனுக்குக் காவல்காரர். அம்மன் சொல்லைத் தட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் கோயிலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவனை இறங்கச் சொல்லு," என்றேன்.

சாமி இறங்கி வந்தது. பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஒரு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. காளி அழக்கூடாதே என்று விழுங்கிக்கொண்டேன்.

"காவல் காக்கச் சொன்னா ஊர் சுத்துறியா? உனக்கு ஒரு குத்து பாக்கி இருக்கு. சட்டையைத் தூக்குடா."

அம்மன் முனியாண்டிக்கு வயிற்றில் வேல் குத்தப் போகிறாள் என்று கூட்டம் புரிந்துகொண்டது. கற்பூரம் ஏற்றினார்கள். நான் ஊசியை எடுத்தேன். இவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு, என் காதோரம் குனிந்து, மெல்ல முனகினார்.

"மெதுவாக் குத்து, தங்கம்."

என் கை நின்றுவிட்டது. அது சாமியின் குரல் இல்லை. தைலம் தேய்க்கும்போது, அங்க இல்ல, இங்க, என்று சொல்கிற குரல்.

"சாமி எப்ப மலையேறுச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"முத நாளே. ரவாங் போய்ச் சேரறதுக்குள்ள."

"பாவி மனுஷா."

"சொன்னா சாவியை வாங்கிடுவாங்க. நாளைக்கு ஒரு நடை மட்டும், தங்கம். அதோட சரி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உண்மையாகவே ஆடினேன். கூட்டத்தில் ஒருத்தி, இப்பத்தான் முழுசா இறங்கியிருக்கா, என்றாள். ஊசியைக் குத்தினேன். மெதுவாகக் குத்தவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். லைசென்ஸ் போன நாளிலிருந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகம் அது இல்லை. பாதி உடம்பு போய், உதடு வெடித்து, அந்த முகம் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடி எனக்கு மனசு இளகியது. ஒரு நடைதானே என்று தோன்றியது. உடனே அந்தப் பள்ளிக்கூட வேன் கண்முன் வந்து நின்றது.

"சாவியைக் கொடுத்துட்டு மலையேறுடா," என்றேன்.

அவர் கொடுக்கவில்லை. லோரியின் மூக்கில் கை வைத்து நின்றார். தடவிக்கொடுத்தார். பிறகு அழ ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, மூக்கு வழிய, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஐயாவுக்கு நம்மை விட்டுப் போக மனசில்லை என்று ஊரே சேர்ந்து அழுதது. ரோட்டோர மரத்தடியில் அபுபக்கர் அண்ணனும் துண்டால் கண்ணைத் துடைத்தார். அங்கே யார் எதற்காக அழுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கடைசியில் சாவியை என் கையில் வைத்தார். நான் திருநீறு பூசினேன். இத்தனை வருஷத்து அனுபவத்தில், எப்படி விழ வேண்டுமோ அப்படிச் சரியாக வீரன் கையில் விழுந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் மறுபடியும் அரிசி தீர்ந்தது, முட்டை தீர்ந்தது. அன்னாசிப்பூ அலமாரிக்குத் திரும்பியது. சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்துப் பயத்தோடு கும்பிட்டார்கள், நான் தாண்டிய பிறகு முணுமுணுத்தார்கள். ஒரு காலை அபுபக்கர் அண்ணன் வாசலுக்கு வந்து, செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காத. அந்த அம்மாவுக்கு லோரி ஓட்ட வருமான்னு வீரன் கேட்டு வரச் சொன்னாரு."

"நஜ்மிக்குப் போன் போடுங்க அண்ணே. அங்க கொடுக்கிற சம்பளத்தை நீங்க கொடுக்கறதாச் சொல்லுங்க. மனுஷனே வந்து ஓட்டுவான்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி அவர் முகம் போயிற்று. யோசிக்கிறேன் லா என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. கஞ்சியைக் குடித்தார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார், போகிற வண்டி எதையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கோபமா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட கோபப்பட முடியுமா?" ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டும்போது கண்ணு நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, தங்கம்."

"சிலை தெரியலையே."

"சிலை தெரியல," என்று ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீயா வந்து கூப்பிட்டிருந்தா இறங்கியிருக்க மாட்டேன்," என்றார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த மனிதருக்காக எத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியிருப்பேன். இனிப்பைத் தொடாதீங்க, செருப்பு இல்லாமல் நடக்காதீங்க, ஊசிக்கு நேரமாச்சு. ஒன்றும் காதில் ஏறியதில்லை. அரை நாழிகை ஆட்டம் போட்டுக் கேட்டதும் சாவி கைக்கு வந்துவிட்டது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் காலை ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன். இவர் வழக்கம் போலப் பின்வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றேன். அவர் கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கினார்.

"எப்ப தாயே மலையேறுவீங்க?"

"இனிப்பு நீர் இறங்கட்டும்டா," என்றேன். "அதுவரைக்கும் இந்த வீட்டுலதான் இருப்பேன்."